சீராக வந்த மடக்கு சைக்கிள்

தாயில்பட்டி
6.2.2000

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

மாரிசெல்வி எழுதுவது. இங்கே எல்லோரும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் மருமகள் ரோஜாவின் சடங்கு போன வெள்ளிக்கிழமை நடந்து முடிந்தது. ஒரு குறையும் இல்லை என்று எழுத ஆசைதான். எழுத முடியவில்லை.

உங்கள் லீவுக்காக ஒரு வருசம் தள்ளிப் போட்ட சடங்கு இது. கடைசியில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா மகன் ரத்தினசாமி அண்ணன் நின்றார். ஓலைக் குடிசையை அவர்தான் கட்டினார். பாவம், நல்ல மனுசன். ஆனால் ரோஜா அவரைப் பார்க்கவில்லை, பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைக்கூட விடுங்கள். சிங்கப்பூரிலிருந்து மாமா சைக்கிள் அனுப்புகிறார் என்று ஆறு மாதமாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஆமத்தூரிலிருந்து உங்கள் வீட்டுக்காரி லட்சுமிகாந்தம் மதினி மேளத்தோடு சீர் கொண்டுவந்தார்கள். பழத்தட்டு, வளையல் தட்டு, பட்டுத் தட்டு எல்லாம் வந்தது. கடைசியாக இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய தாம்பாளம் வந்தது. அதில் ஒரு கறுப்புப் பை. எல்லோருக்கும் முன்னால் மதினி பையைத் திறந்தார்கள். சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி, ஹேண்டில்பார் தலை தொங்கி, சீட்டு உள்ளே போய்ப் படுத்துக் கிடந்தது உங்கள் சைக்கிள். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

என் நாத்தனார் குருவம்மாள் சும்மா இருப்பாரா? "ஏத்தா மாரி, ஒங்க அண்ணன் சைக்கிளு வர்ற வழியில லாரிக்கு அடியில விழுந்துருச்சா? ஒடிஞ்ச பொருளச் சீர் வச்சா பிள்ளைக்கு ஆகுமாத்தா?" என்று கேட்டார். மதினி இந்தப் பக்கம் இழுத்தார்கள், நான் அந்தப் பக்கம் இழுத்தேன். ஒன்று நிமிர்ந்தால் இன்னொன்று மடங்கியது. குங்குமத்தை வைத்து மூலையில் சாய்த்துவிட்டோம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது?

இனி உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். ரோஜாவின் அப்பா அதைச் சரி செய்துவிட்டார்.

இப்படிக்கு,
மாரிசெல்வி


சிங்கப்பூர்
20.2.2000

அன்புத் தங்கச்சி மாரிக்கு,

பெத்தணன் எழுதுவது. கடிதம் முழுக்க என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். எம்புட்டுக் கோபம் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பெட்டிக்கடைக்கு இரண்டு முறை போன் போட்டேன். நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். அதனால் இந்தக் கடிதம்.

லீவு எழுதிக் கொடுத்தேன், கொடுத்தார்கள், பிறகு இல்லை என்றார்கள். ஒரு கப்பல் அவசரமாக ரிப்பேருக்கு வந்துவிட்டது. வெல்டிங் ஆட்களில் ஒருவரையும் விடவில்லை. இதைச் சொன்னால் உன் மனசு ஆறாது என்று தெரியும். என் மனசும் ஆறவில்லை.

ஆனால் தாயி, அது ஒடிந்த சைக்கிள் இல்லை. மடக்குகிற சைக்கிள். நடுக்கம்பியில் ஒரு கீல் இருக்கும், பக்கத்தில் கொண்டி இருக்கும். கொண்டியைத் தூக்கினால் மடங்கும், நிமிர்த்தி அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். ஹேண்டில்பாருக்கும் அதே மாதிரி ஒரு கொண்டி. சீட்டைப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றி இறக்கலாம். உன் மதினிக்கு எப்படி விரிப்பது என்று சொல்லிக் கொடுக்காமல் அனுப்பியது என் மடத்தனம்தான்.

எதற்கு இதை வாங்கினேன் என்று கேள். ரோஜா பத்தாவது முடித்தால் சிவகாசிக்குத்தான் போக வேண்டும். உங்கள் தெருவிலிருந்து பஸ் நிற்கும் விலக்கு மூன்று கிலோமீட்டர். சிவகாசியில் இறங்கினால் பள்ளிக்கூடம் ஊரின் இன்னொரு கோடி. சாதாரண சைக்கிள் என்றால் விலக்கில் போட்டுவிட்டுப் போக வேண்டும், திரும்பி வரும்போது அது இருக்காது. இதை மடக்கி பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் பக்கம் இறங்கி விரித்துக்கொண்டு போகலாம். பிள்ளைக்கும் வீட்டுக்கும் இந்த ஒரு சைக்கிள் போதும், வேறு வேண்டியதில்லை.

நானும் இங்கே இரண்டு வருசமாக இதே மாதிரி ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். வெளியில் நிறுத்தினால் காணாமல் போகும் என்று மடக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். மழை என்றால் கம்பெனி லாரியில் தூக்கிப் போட்டுக்கொள்வேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. மாப்பிள்ளை சரி செய்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாயே. எதைச் சரி செய்தார்?

உன் அண்ணன்,
பெத்தணன்


தாயில்பட்டி
12.3.2000

அண்ணனுக்கு,

மாரிசெல்வி எழுதுவது. கொண்டியைத் தூக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அது இனி தூக்காது.

சடங்கு முடிந்த மறுநாளே உங்கள் மாப்பிள்ளை பாண்டி அந்தப் பையைச் சிவகாசிக்குத் தூக்கிப் போய்விட்டார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமில் வேலை செய்கிறவர் வெல்டிங் பட்டறைப் பக்கம் போகவே கூடாது. அதனால் தலைக்குக் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி போனார். பட்டறைக்காரர் கேட்டாராம்: "அண்ணாச்சி, இது மடங்குறதுக்குன்னே செஞ்சிருக்காக போலயே?" இவர் சொல்லியிருக்கிறார்: "மடங்கக் கூடாதுன்னுதான வந்துருக்கேன். எங்க மச்சான் சீர் குடுத்த வண்டி. ஆயுசுக்கும் அசையாம வச்சு விடுங்க."

அப்படியே வைத்துவிட்டார்கள். நடுக்கீலைச் சுற்றி வெல்டிங். அதைத் தெருவில் மேலும் கீழும் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். "இப்ப யாராவது ஒடிஞ்ச சைக்கிள்னு சொல்லட்டும்" என்று சத்தமாகவே சொன்னார். நாத்தனார் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் எம்புட்டுப் பிரியம் வந்தது தெரியுமா?

பிறகு உங்கள் கடிதம் வந்தது. ரோஜா சத்தமாக வாசித்தாள். மடக்கி பஸ்ஸில் ஏற்றலாம் என்ற இடம் வந்ததும் அவர் எழுந்து வெளியே போனவர், சோறு ஆறிப்போன பிறகுதான் வந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காகிவிட்டது. "மச்சானுக்கு எழுதிறாத" என்றார். நான் எழுதிவிட்டேன். மறைத்து வைக்க அது என்ன, கைக்குள் அடங்குகிற தோடா?

இப்போது பேச்சு எங்கே வந்து நிற்கிறது என்றால், ரோஜாவுக்குப் பத்தாவதோடு போதும் என்கிறார். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். விலக்கிலிருந்து வரும் வழி முழுக்கக் கருவேலங்காடு. பொழுது சாய்ந்து பிள்ளை தனியாக நடந்து வர முடியாது. சைக்கிளை விலக்கில் விட்டால், நீங்கள் சொன்ன மாதிரியே, போன வருசம் மேலத்தெருப் பிள்ளையின் சைக்கிள் போனது. வீட்டில் இருந்து வெடிக்குழாய் சுருட்டட்டும் என்கிறார். அவள் பாட்டுக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

மாரிசெல்வி


சிங்கப்பூர்
9.4.2000

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். முதலில் வாசித்தபோது சிரித்துவிட்டேன். ரூமில் இருந்த கூட்டாளிகளுக்கும் சொன்னேன், அவர்களும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை வாசித்தபோது ஆத்திரம் வந்தது. மூன்றாவது தடவை, நான் இங்கே நாள் முழுக்கக் கப்பல் தகட்டைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறேன், அங்கே என் மருமகளின் படிப்பை ஒரு வெல்டிங்கில் அடைத்துவிட்டார்களே என்று இருந்தது.

மாப்பிள்ளை மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் பேரைக் காப்பாற்றத்தான் செய்திருக்கிறார். அவரிடம் சொல்லு.

அந்த வண்டியை இனி யாரும் தொட வேண்டாம். கீலுக்குள்ளே ஒரு ஆணி இருக்கிறது, அதில்தான் எல்லாம் சுழல்கிறது. பட்டறையில் கொடுத்தால் கிரைண்டரை வைத்து ஒரே இழுப்பில் ஆணியையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பிறகு அந்த வண்டி மடங்கவும் மடங்காது, நிற்கவும் நிற்காது. டிசம்பரில் எப்படியும் லீவு கொடுப்பார்கள். நானே வந்து பக்குவமாக அறுத்துத் தருகிறேன். அதுவரைக்கும் பொறுத்திருங்கள்.

பரீட்சை எப்படி எழுதினாள் என்று ரோஜாவை எழுதச் சொல்.

பெத்தணன்


தாயில்பட்டி
30.4.2000

அண்ணே,

இனிமேல் மரியாதையெல்லாம் கிடையாது. நீ என்றுதான் எழுதப் போகிறேன்.

டிசம்பர் வரை பொறுத்திருக்கச் சொல்கிறாய். நீ வருவாய் என்று ஒரு வருசம் சடங்கைத் தள்ளிப் போட்டோம். சடங்கு தள்ளிப் போகும், பள்ளிக்கூடம் தள்ளிப் போகுமா? ஜூனில் சேர்க்காவிட்டால் அவள் குழாய் சுருட்ட உட்கார்ந்துவிடுவாள். ஒரு சீசன் கையில் காசு பார்த்துவிட்டால் அப்புறம் எந்தப் பிள்ளை பையைத் தூக்கியிருக்கிறது? எங்கள் கம்பெனியில் என்னோடு உட்கார்ந்து சரம் பின்னுகிறவர்கள் எல்லோரும் ஒரு வருசம் கழித்துப் படிக்கலாம் என்று நினைத்தவர்கள்தான்.

நான் சொல்லக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிடுகிறேன். ஆமத்தூரில் நம் வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள். நீ மிதிப்பாய், நான் கேரியரில் உட்கார்ந்து வருவேன். அப்பா உன்னை லேத்து வேலைக்கு அனுப்பினார். நீ போன பக்கம் சைக்கிளும் போனது. எட்டாவதோடு நான் நின்றேன். உன் மேல் குறை சொல்லவில்லை, அண்ணே. வீட்டுக்கு ஒரு சைக்கிள்தான் என்றால் அது வேலைக்குத்தானே போகும்? ஆனால் என் மகளுக்கென்றே ஒரு சைக்கிள் வந்து, அது வாசலிலேயே நிற்கிறது. அதைத் தினமும் பார்த்துவிட்டு வேனில் ஏறுகிறேன்.

நீ வந்துதான் அறுக்க வேண்டும் என்று இல்லை. எப்படி அறுப்பது என்று எழுது. நானே அறுக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை சரம் பின்னுகிற விரல் இது. மருந்துக் குழாயையே தட்டாமல் முட்டாமல் எடுத்துக் கோக்கிறவளுக்கு ஒரு இரும்பை அறுக்கத் தெரியாதா?

வெல்டிங் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பட்டாசு லேபிள் தாளின் வெள்ளைப் பக்கத்தை அதன் மேல் வைத்து, ரோஜாவின் பென்சிலால் தேய்த்தேன். மேடு பள்ளம் எல்லாம் அப்படியே வந்திருக்கிறது. மேல் பக்கம், இரண்டு விலா, அடிப்பக்கம் என்று நான்கு தாள் இதோடு வைத்திருக்கிறேன். பின்னால் திருப்பிப் பார்த்துக் குழம்பாதே, அது சரவெடிப் படம்.

இன்னொன்று. அறுத்தாலும் இந்தச் சைக்கிள் மட்டும் ஒரு வீட்டுக்குப் போதும் என்று நீ எழுதியதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. குடம் கட்ட இடமில்லை. பின்னால் ஒரு ஆள் உட்கார இடமில்லை. சின்னச் சக்கரம், கருவேல முள் ஏறினால் அந்த அளவு டியூபுக்கு நான் சிங்கப்பூருக்கா வருவேன்? இருந்தாலும் என் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது. அதனால் எழுது.

மாரி


சிங்கப்பூர்
14.5.2000

ஏத்தா மாரி,

நீ என்று எழுதிவிட்டாய். சந்தோசம்.

உன் தாள்களை எங்கள் போர்மேனிடம் காட்டினேன். அவர் சீனாக்காரர். சரவெடிப் படத்தைத்தான் முதலில் பார்த்தார், பிறகு இந்தப் பக்கம் பார்த்தார். யார் அனுப்பியது என்று கேட்டார். என் தங்கச்சி, பட்டாசுக் கம்பெனியில் வேலை என்றேன். தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் குறித்தோம்.

நல்ல காலம், பட்டறைக்காரர் முழுக்க அடைக்கவில்லை. மேலே ஒரு கோடு, கொண்டிப் பக்கம் இரண்டு பொட்டு, அவ்வளவுதான். அடிப்பக்கம் ஒன்றுமே இல்லை. மடங்குகிற பொருள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, மனசு வராமல் மேலோடு வைத்திருக்கிறார். மகராசன்.

உன் தாள்களிலேயே சிவப்பு மையால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்தக் கோட்டில் மட்டும் அறு. ஆக்சா பிளேடு வாங்கிக்கொள், பல் நெருக்கமாக இருப்பதாகப் பார்த்து. கிரைண்டர் வேண்டவே வேண்டாம், மாப்பிள்ளையும் நீயும் மருந்து வேலை செய்கிற வீட்டில் தீப்பொறி பறக்கக் கூடாது. கையால் அறுத்தால் பொறி வராது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக்கொள். முன்னால் தள்ளும்போது அழுத்து, இழுக்கும்போது விட்டுவிடு. அவசரப்படாதே. உள்ளே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரியும், அதுதான் பழைய சேர்மானம். அது தெரிந்ததும் நிறுத்திவிடு. அதற்கு மேல் ஒரு இழுப்புக்கூடக் கூடாது. மிச்சம் இருக்கிற பிசிரை அரத்தால் ராவு. கொண்டியை அசைத்துப் பார், பலவந்தம் செய்யாதே.

டியூபு இரண்டு, பஞ்சர் ஒட்டுகிற சாமான் ஒரு பொட்டலம், ஊருக்கு வருகிற கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன். குடத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அது மாப்பிள்ளையின் பெரிய சைக்கிளில் போகட்டும்.

ஆமத்தூர் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தாய். வாசித்தேன். இந்த வண்டியைக் கடையில் பார்த்தபோது எனக்கும் அந்தக் கேரியர்தான் ஞாபகம் வந்தது.

அண்ணன்


தாயில்பட்டி
18.6.2000

அண்ணே,

மாரி எழுதுவது. ரோஜா பாஸ். கணக்கில்தான் கூட வாங்கியிருக்கிறாள், உன்னை மாதிரி.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகத்தான் உட்கார்ந்தேன். தாளை ஒரு பக்கம் விரித்து வைத்துக்கொண்டு அறுத்தேன். பிளேடு வழுக்கி வழுக்கி ஓடியது. உன் மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்தார். நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னத்தா, சீர் வந்த வண்டியவே அறுக்க? ஒனக்கு என்ன கிறுக்கா?" என்றார். "ஆமா மதினி, கிறுக்குதான்" என்றேன். எனக்கு வாய்ச் சண்டைக்கு நேரமில்லை, பிளேடை முன்னால் தள்ளும்போது அழுத்த வேண்டுமே.

இரண்டாவது ஞாயிறு அவர் வந்து என் பக்கத்தில் குத்தவைத்தார். "நான் வச்சதுதான, நான் எடுக்கேன். குடு" என்றார். கொடுத்தேன். அவர் கை அழுத்தம் ஜாஸ்தி. கறுப்புக் கோடு தெரிந்ததை நான்தான் பார்த்தேன். "போதும், போதும், நிப்பாட்டுங்க" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் பிளேடைக் கீழே போட்டுவிட்டார். ரோஜாதான் கொண்டியைத் தொட்டாள். முதலில் அசையவில்லை. எண்ணெய் விட்டோம். கொஞ்சம் கொடுத்தது. பிறகு டக்கென்று தூக்கிக்கொண்டது, சைக்கிள் நடுவில் மடங்கி அவள் காலில் சாய்ந்தது. உன் மாப்பிள்ளை அழுதுவிட்டார். அழவில்லை, தூசி என்கிறார். எழுதாதே என்று சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் ஒரு வேலை செய்தேன். அதே தாம்பாளத்தை எடுத்து, மடக்கிய சைக்கிளை அதில் வைத்து, குங்குமம் வைத்து, வாசலில் கொண்டுவந்து வைத்தேன். நாத்தனாரையும் கூப்பிட்டேன். எல்லோருக்கும் முன்னால் ரோஜா குனிந்து கொண்டியை அழுத்தினாள், ஹேண்டில்பாரை நிமிர்த்தினாள், சீட்டை ஏற்றினாள். மேளம்தான் இல்லை. நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அடியாத்தி, இம்புட்டுத்தானா?" என்றார். பிறகு அவரே ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. விலக்கு வரை பின்னாலேயே நடந்து போனேன். பஸ் வந்தது. கண்டக்டர், "சைக்கிளெல்லாம் மேல போடும்மா, லக்கேஜ் டிக்கெட் வாங்கு" என்றார். ரோஜா மடக்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, "சைக்கிள் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "ஏறு தாயி, டிரைவருக்குப் பின்னால வையி" என்றார். பஸ் கிளம்பிப் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். எட்டாவது முடித்து நின்றுபோன பிள்ளை ஒன்று எனக்குள் இருந்தது, அதுவும் அந்த பஸ்ஸில் ஏறிப் போன மாதிரி இருந்தது.

ஒரு சைக்கிள் போதுமா என்று நீயும் நானும் சண்டை போட்டோம் அல்லவா? வீட்டுக்குப் போதாது. ரோஜாவுக்குப் போதும். அதில் நீ ஜெயித்துவிட்டாய். ஆனால் பின்னால் ஆள் உட்கார இடமில்லாத சைக்கிள் ஒரு சைக்கிளா என்ற கேள்வியை நான் விடமாட்டேன்.

டிசம்பரில் லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் மனசு சங்கடப்படாதே. இந்தத் தடவை உனக்காக எதையும் தள்ளி வைக்கவில்லை. வந்தால் ரோஜா விலக்கில் சைக்கிளோடு நிற்பாள். உன்னை ஏற்றிக்கொள்ள அதில் இடம் கிடையாது. நீ நடந்துதான் வர வேண்டும்.

மாரி


சிங்கப்பூர்
2.7.2000

மாரி,

உன் கடிதத்தைப் போர்மேனுக்குச் சொல்லிக் காட்டினேன். கறுப்புக் கோட்டில் நிறுத்திவிட்டாய் என்றதும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என் லீவுத் தாளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார், அங்கேயே கையெழுத்துப் போட்டார். டிசம்பர் பத்தாம் தேதி டிக்கெட். இது சொல்லுகிற வார்த்தை இல்லை, எடுத்துவிட்ட டிக்கெட்.

அந்த வண்டிக்குக் கடையில் கேரியர் கிடையாது. நான் வேலை முடிந்த பிறகு இரும்புக் கம்பி வளைத்து, நானே வெல்டிங் வைத்து ஒன்று செய்திருக்கிறேன். வண்டி மடங்கும்போது அதுவும் மடங்கும், இங்கே என் வண்டியில் மாட்டிப் பார்த்துத்தான் செய்தேன். நான் அதன் மேல் ஏறி நின்று பார்த்துவிட்டேன், தாங்குகிறது.

விலக்குக்கு ரோஜா மட்டும் வர வேண்டாம், நீயும் வா. பிள்ளை முன்னால் நடக்கட்டும். நான் மிதிக்கிறேன், நீ பின்னால் உட்காரு.

அண்ணன்